மால்மோவின் காலம், உத்ரெக்டின் அளவு

கடும் ஹீமோபிலியாவோடு பிறந்த ஒரு குழந்தையின் முழங்காலையும் கணுக்காலையும் நாற்பது வயதுவரை கெடாமல் கொண்டுசேர்ப்பது எப்படி? ஸ்வீடனின் மால்மோவும் நெதர்லாந்தின் உத்ரெக்டும் இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டு விதமாகப் பதில் சொல்லி வந்திருக்கின்றன. இரண்டும் வசதியான நாடுகள். இரண்டு ஊர்களிலும் ஹீமோபிலியாவுக்கென்றே தனி மையங்கள், பிறந்ததிலிருந்து ஒரே இடத்தில் பார்க்கப்படும் நோயாளிகள், ஒழுங்கான பதிவேடுகள் எல்லாம் இருந்தன. மருந்தும் ஒன்றுதான்: ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டர். எந்த வயதில் தொடங்குவது, எவ்வளவு போடுவது என்ற இரண்டில் மட்டும் அவர்கள் வழி பிரிந்தது. திட்டமிட்டு யாரும் நடத்தாத இந்தச் சோதனையின் முடிவு, மருந்து ஏராளமாக உள்ளவர்களைவிட, அதை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கே அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம்.

முதலில் மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கடும் ஹீமோபிலியா என்றால் ரத்தத்தில் எட்டாம் ஃபேக்டரோ ஒன்பதாம் ஃபேக்டரோ இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கிறது என்று பொருள். இவர்களுக்கு வெளிக்காயத்தைவிட உள்ளே கசிவதுதான் பெரும் தொல்லை. அதிலும் பெரும்பகுதி முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள்ளேயே கசிகிறது. உள்ளே தேங்கிய ரத்தத்தின் இரும்புச்சத்து மூட்டின் உட்சவ்வில் படிகிறது. சவ்வு தடித்துப் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவை எளிதில் உடைந்து மறுபடி கசிகின்றன. ஆறு மாதத்தில் ஒரே மூட்டில் தானாகவே மூன்று முறையோ அதற்கு மேலோ கசிந்தால் அதை ‘டார்கெட் ஜாயிண்ட்’ என்கிறார்கள். அந்த மூட்டு பிறகு சும்மா இருப்பதில்லை. சவ்வின் கதை இப்படியிருக்க, குருத்தெலும்பு நேரடியாகவே கெடுகிறது என்று காட்டியவர்கள் உத்ரெக்டின் ஆய்வாளர்கள்தாம். ஆய்வகத்தில் மனிதக் குருத்தெலும்பைச் சில நாட்கள் மட்டும் ரத்தத்தில் வைத்து எடுத்தார்கள். ரத்தத்தை அகற்றிய பின்னும் குருத்தெலும்புச் செல்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ‘ஒருதடவை வீங்கினால் என்ன, ஐஸ் வைத்தால் இறங்கிவிடுகிறதே’ என்று நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. வீக்கம் இறங்கிவிடும், உள்ளே பட்ட சேதம் அப்படியே இருக்கும்.

இனி மால்மோ. 1950களில் ஸ்டாக்ஹோமில் ப்ளோம்பேக் தம்பதியர் மனிதப் பிளாஸ்மாவிலிருந்து எட்டாம் ஃபேக்டர் செறிந்த ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். மால்மோவின் மருத்துவர் இங்கா மாரி நில்சன் 1958இல் அதைக் கசிவு வந்தபிறகு கொடுப்பதற்குப் பதிலாக, வருவதற்கு முன்பே தவறாமல் கொடுக்கத் தொடங்கினார். அந்த யோசனைக்கு ஆதாரம் ஓர் எளிய கவனிப்பு. ஃபேக்டர் 1 முதல் 5 விழுக்காடு வரை உள்ள நடுத்தர ஹீமோபிலியாக்காரர்களுக்கு மூட்டு முடங்குவது அரிது; 1க்குக் கீழே உள்ளவர்களுக்கோ அது ஏறக்குறைய விதி. மால்மோவின் எலும்பு மருத்துவர் ஓகே ஆல்பெரி 1965இல் வெளியிட்ட ஆய்வு இதை மூட்டு மூட்டாகப் பார்த்து உறுதிசெய்தது. அப்படியானால் கடும் நோயாளியின் ரத்தத்தில் ஃபேக்டர் 1 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் அவரும் நடுத்தர நோயாளியாகிவிடுவார் அல்லவா? மால்மோ முறை முழுவதும் இந்தக் கணக்கின்மேல் நிற்கிறது.

தொடக்கத்தில் மருந்து கிடைப்பதே அரிதாக இருந்ததால் அளவும் சிறியதாகவே இருந்தது. பிள்ளைகள் சற்று வளர்ந்தபிறகுதான் ஊசி தொடங்கினார்கள். மருந்து பெருகப் பெருக அளவு கூடியது, தொடங்கும் வயதும் இறங்கியது. கடைசியில், ஒன்று இரண்டு வயதில், மூட்டில் ஒருமுறைகூடக் கசியாதபோதே, கிலோவுக்கு 25 முதல் 40 யூனிட், எட்டாம் ஃபேக்டர் குறையும் ஹீமோபிலியா ஏ என்றால் வாரம் மூன்று முறை என்று முறை நிலைபெற்றது. 1992இல் நில்சனும் சக மருத்துவர்களும் அறுபது நோயாளிகளின் இருபத்தைந்தாண்டு அனுபவத்தை வெளியிட்டார்கள். முதலில் தொடங்கிய பெரியவர்களின் எக்ஸ்ரேக்களில் மூட்டுச் சேதம் தெரிந்தது. கடைசியாகச் சேர்ந்த, சின்ன வயதிலேயே முழு அளவு பெற்ற பிள்ளைகளின் மூட்டுகள் ஏறக்குறைய மாசற்று இருந்தன. ஹீமோபிலியா உலகம் வாயடைத்துப்போன முடிவு அது. ஆனாலும் ஒரு சந்தேகத்தை அது தீர்க்கவில்லை: பிள்ளைகளைக் காப்பாற்றியது மருந்தின் அளவா, தொடங்கிய வயதா? இரண்டும் சேர்ந்தே மாறியதால் மால்மோவை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

உத்ரெக்டின் பாதை வேறு. டச்சு ஹீமோபிலியா சிகிச்சையின் முன்னோடி சைமன் வான் கிரெவெல்டின் பெயரைத் தாங்கிய மருத்துவமனையில் 1968இல் முன்காப்பு ஊசி தொடங்கியது. அங்கே ரத்தப் பரிசோதனையில் 1 விழுக்காடு தெரிகிறதா என்று யாரும் துரத்தவில்லை. மூட்டில் கசிகிறதா இல்லையா என்பதே கேள்வி. ஒன்றோ சிலவோ மூட்டுக்கசிவுகள் வந்தபின் ஊசி தொடங்குவார்கள். கிலோவுக்கு 15 முதல் 25 யூனிட், வாரம் இரண்டு மூன்று முறை. அதிலும் கசிந்தால் கூட்டுவார்கள். கசியாவிட்டால் அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்வார்கள், பிள்ளை எடை கூடினாலும் அவசரப்பட்டு ஏற்றமாட்டார்கள். கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் டச்சுக்காரர் குணம் என்று கேலி செய்யலாம். ஆனால் ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவில் தாக்குப்பிடிக்கிறார் என்று அவரவர் உடம்பிடமே கேட்டறிகிற முறை இது. மால்மோ எண்ணைப் பார்த்தது, உத்ரெக்ட் ஆளைப் பார்த்தது.

அளவைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கிலோவுக்கு ஒரு யூனிட் எட்டாம் ஃபேக்டர் ஏற்றினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும். உள்ளே போனது சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரமாகவே குறையும். கிலோவுக்கு 10 யூனிட் போட்டால் 20 விழுக்காடு. அது பத்தாகி, ஐந்தாகி, இரண்டரையாகி, இரண்டு நாள் கழித்து ஒன்றேகால் ஆகிறது. ஏறக்குறைய ஐம்பத்திரண்டு மணி நேரத்தில் 1ஐத் தொடுகிறது. இப்போது மருந்தை இரண்டு மடங்காக்குங்கள். 20 யூனிட் போட்டால் 40 விழுக்காட்டில் தொடங்கும்; 1ஐத் தொடுவது அறுபத்து நாலாம் மணியில். இரட்டிப்பு மருந்துக்குக் கிடைத்த கூடுதல் பாதுகாப்பு வெறும் பன்னிரண்டு மணி நேரம்! அதே மருந்தை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்துப் போட்டிருந்தால் நான்கு நாளைக்கு மேல் வந்திருக்கும். ஒரே நேரத்தில் நிறையப் போடுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடுவது சிக்கனம். ஊசி குத்தும் எண்ணிக்கை கூடுவதுதான் அதற்கான விலை. குழந்தையின் கையில் நரம்பு தேடும் தாய்க்கு அது சின்ன விலை இல்லை என்பதும் உண்மையே.

இரண்டு ஊர்களையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. 1970க்கும் 1994க்கும் இடையே பிறந்த கடும் நோயாளிகள்: டச்சுக்காரர் 78 பேர், ஸ்வீடன்காரர் 50 பேர். வயதின் இடைநிலை 24. டச்சுக்காரர் ஆண்டுக்குக் கிலோவுக்கு இடைநிலையாக 2,100 யூனிட்டும் ஸ்வீடன்காரர் 4,000 யூனிட்டும் செலவழித்திருந்தார்கள். ஐந்தாண்டுப் பதிவுகளின்படி மூட்டுக்கசிவின் இடைநிலை உத்ரெக்டில் ஆண்டுக்கு 1.3, மால்மோவில் பூஜ்யம். ஒருவருக்கு ஆன மொத்தச் செலவு, சராசரியாக, டச்சுப் பக்கம் ஆண்டுக்கு 1,80,000 டாலர், ஸ்வீடன் பக்கம் 2,98,000 டாலர். அதாவது 66 விழுக்காடு அதிகம். படிப்பு, வேலை, சமூக வாழ்க்கை, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் இரு தரப்பாருக்கும் வேறுபாடு தென்படவில்லை. உயர்ந்த அளவால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவுதான் என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

இந்த முடிவை நான் முழுதாக ஏற்கவில்லை. அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. மூட்டுகளைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் அளவுகோலில் (பூஜ்யம் என்றால் நல்ல மூட்டு, 144 என்றால் மிக மோசம்) பத்துக்கு மேல் போனவர்கள் டச்சுக்காரரில் 46 விழுக்காடு, ஸ்வீடன்காரரில் 11 விழுக்காடு. நூற்றுக்கு 46 பேருக்கும் 11 பேருக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபத்து நாலு வயதில் வாழ்க்கைத்தரம் ஒன்றாகத் தெரியலாம். இளம் உடம்பு, வலுவான தசை, சற்று விறைத்த கணுக்காலை நடையிலேயே மறைத்துவிடும் சாமர்த்தியம் எல்லாம் அந்த வயதில் உண்டு. ஐம்பது வயதிலும் இந்தக் கேள்வித்தாளை நீட்டினால் இதே பதில்தான் வருமா? தேய்ந்த குருத்தெலும்பு வளர்வதில்லை. மூட்டைப் பொறுத்தவரை இன்றைய சேதம் நாளைய நிலைமைக்கு ஆரம்பம்.

ஆனால் இந்த 46க்கும் 11க்கும் மருந்தின் அளவை மட்டும் காரணம் காட்டுவதும் நியாயமாகாது. மால்மோ முதல் கசிவுக்கு முன்பே தொடங்கியது. உத்ரெக்ட் கசிந்தபிறகு தொடங்கியது. வித்தியாசத்தில் அளவுக்கு எவ்வளவு பங்கு, வயதுக்கு எவ்வளவு பங்கு? இதற்கான துப்பு உத்ரெக்டின் பதிவேட்டிலேயே கிடைத்தது. அங்கே எல்லாருக்கும் ஒரே முறைதான்; தொடங்கிய வயது ஆளுக்கு ஆள் வேறுபட்டது. முதல் மூட்டுக்கசிவுக்குப் பின் முன்காப்பைத் தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும், பிற்காலத்து எக்ஸ்ரேயில் தெரிந்த சேதத்தின் மதிப்பெண் 8 விழுக்காடு கூடியிருந்தது. 2002இல் டச்சு ஆய்வாளர்களே வெளியிட்ட முடிவு இது. மால்மோவின் வெற்றியில் பெரிய பங்கு மருந்துப் புட்டிக்கு இல்லை, நாட்காட்டிக்கு என்று நான் இதை வாசிக்கிறேன். புட்டியின் அளவை நம்மால் ஸ்வீடனுக்கு ஈடாக்க முடியாது. நாட்காட்டியோ காசு கேட்பதில்லை.

அளவுகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூட்டின் கோணத்தை அளப்பது ஒன்று. அந்த மூட்டை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது வேறு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2000களில் உருவாக்கிய ‘ஃபிஷ்’ என்ற அளவுகோல் இரண்டாவது வகை. சாப்பிட்டுத் தலைவாரிக்கொள்வது, குளிப்பது, உடுத்துவது, நாற்காலியிலிருந்து எழுவது, குந்தி உட்கார்வது, நடப்பது, படியேறுவது, ஓடுவது என்று எட்டு வேலைகளைச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போடுகிறார்கள். குந்துவதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வேலூரில் இருப்பவருக்குத்தான் தோன்றும். முழங்கால் தொண்ணூறு பாகைக்கு மடங்கினால் ஐரோப்பியருக்கு நாற்காலி போதும், கமோடு போதும். நம் ஊரில் பந்தியில் தரையில் உட்காரவும், ஊர்க் கழிப்பறையில் குந்தவும், வயலில் களை எடுக்கவும் முழுமடக்கு வேண்டும். முழங்கையில் அடிக்கடி கசிந்த ஒரு பையனைக் கவனித்துப் பாருங்கள்: தட்டை எட்டுவான், சோற்றைப் பிசைவான், கை மடங்காததால், உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பாததால், கவளத்தைத் தேடி வாய்தான் கீழே இறங்கி வரும். உத்ரெக்டின் ‘கொஞ்சம் கெட்ட’ மூட்டு நம் திண்ணையில் நிறையவே கெட்ட மூட்டாகிவிடும்.

இத்தனை சொன்ன பிறகும், மால்மோவுக்கும் உத்ரெக்டுக்கும் உள்ள தூரம், அவ்விரண்டுக்கும் ‘வீங்கினால் வா’ என்னும் முறைக்கும் உள்ள தூரத்தின் முன் சின்னதுதான். 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 65 சிறுவர்களை இரண்டரை வயது ஆவதற்குள் இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கிலோவுக்கு 25 யூனிட். மற்றப் பாதிக்குக் கசிந்தபோது மட்டும், ஆனால் தாராளமாக, முதல் ஊசியே கிலோவுக்கு 40 யூனிட். ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதல் பாதியில் 93 விழுக்காட்டினரின் மூட்டுகள் நலமாக இருந்தன, மற்றப் பாதியில் 55 விழுக்காட்டினருக்குத்தான். வெளியே தெரிந்த கசிவுகளின் எண்ணிக்கையும் எம்.ஆர்.ஐ. காட்டிய சேதமும் பொருந்தவுமில்லை. யாருக்கும் தெரியாமல் உள்ளே சிறுகச் சிறுகக் கசிந்திருக்க வேண்டும். வேலூர் மருத்துவர்கள் முன்னின்று, வளரும் நாடுகளின் பல மையங்களைச் சேர்த்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: கசிந்தபின் போடும் ஃபேக்டர், அளவு கூடினாலும், கசிவையோ மூட்டு கெடுவதையோ தடுப்பதில்லை. அந்த மருந்து வலியை ஆற்றுகிறது, உயிரைக் காக்கிறது; மூட்டைக் காப்பதில்லை.

இப்போது நம் பக்கத்துக் கணக்கு. இருபத்தைந்து கிலோ எடையுள்ள ஒரு பையனுக்குக் கிலோவுக்கு 10 யூனிட் என்றால் 250 யூனிட், ஒரு சின்னப் புட்டி. வாரம் மூன்று முறை போட்டால் ஆண்டுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1,560 யூனிட். மால்மோவின் 4,000க்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லை. உத்ரெக்டோடு ஒப்பிட்டால்? அந்த 78 பேரில் கால்வாசிப் பேர் 1,400க்கும் குறைவாகவே செலவழித்திருந்தார்கள்! உலக ஹீமோபிலியா கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் (அதன் முதன்மை ஆசிரியர் வேலூரின் அலோக் ஸ்ரீவஸ்தவா) மூட்டுக்காக்கும் முறைகளை உயர், இடை, குறை அளவுகள் என்று மூன்றாகப் பிரிக்கிறது. கிலோவுக்கு 10 முதல் 15 யூனிட் வரை வாரம் இரண்டு மூன்று முறை என்பது குறை அளவு. பெய்ஜிங்கில் வாரம் இரண்டு முறை 10 யூனிட் போட்டுப் பார்த்தபோதே சிறுவர்களின் மூட்டுக்கசிவு பெருமளவு குறைந்தது. குறை அளவு மால்மோ ஆகாது, ஒன்றிரண்டு கசிவுகள் அதையும் மீறி வரும். அப்போது உத்ரெக்ட் செய்ததைச் செய்ய வேண்டும்: அந்தப் பிள்ளைக்கு மட்டும் கூட்டுவது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. கடும் ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஃபேக்டருக்கு எதிராக உடம்பே ‘இன்ஹிபிட்டர்’ உண்டாக்கிவிடும். அவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. ஒன்பதாம் ஃபேக்டர் குறைந்தவர்களுக்கு மருந்து உடம்பில் அதிக நேரம் தங்குவதால் கணக்கு வேறு. வாரம் மூன்று முறை ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள எந்தக் கூலிக்காரக் குடும்பத்தாலும் முடியாது. இதுதான் உண்மையான தடை. மருந்துப் பற்றாக்குறையைவிடப் பெரியது இது. மால்மோவிலும் உத்ரெக்டிலும் பெற்றோருக்கு வீட்டிலேயே போடக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்: பொடியில் நீரைச் சேர்ப்பது, குலுக்கினால் நுரைக்கும் என்பதால் புட்டியை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கரைப்பது, நரம்பு பார்த்து நிதானமாக ஏற்றுவது. நம் தாய்மாருக்கு இது வராதா என்ன? இன்சுலினும் டயாலிசிஸும் வீடு தேடி வந்த காலம் இது.

எமிசிசுமாப் வந்தபின் இந்தப் பழைய போட்டியெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து நரம்பில் போடுவதல்ல, தோலுக்கடியில் போடுவது. வாரம் ஒருமுறையோ, இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ போதும். இன்ஹிபிட்டர் உள்ளவர்களுக்கும் பயன்படுகிறது. கைக்கு எட்டினால் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அது ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்கு மட்டும். நடுவே பெரிய கசிவு வந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ ஃபேக்டர் தேவைப்படலாம். ஏற்கெனவே கெட்ட மூட்டை அதுவும் திருப்பித் தராது. வேலூரில் ஐந்து பேருக்குச் செய்து 2024இல் வெளியிட்ட மரபணுச் சிகிச்சைக்கும் இந்தக் கடைசி வாக்கியம் பொருந்தும். எந்த மருந்தானாலும் முதல் சில கசிவுகளுக்கு முன்னால் வர வேண்டும்.

ஆகவே ஹீமோபிலியா குழந்தையின் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளை தவழ்ந்து நடக்கத் தொடங்கும்போதே, மூட்டு வீங்கும்வரை காத்திராமல், அங்கே போய் முன்காப்பு ஊசியைப் பற்றிக் கேளுங்கள். ‘மருந்து அவ்வளவு இல்லை’ என்ற பதில் வந்தால், குறைந்த அளவிலாவது தவறாமல் கொடுங்கள் என்று கேளுங்கள். மூன்று வயதுக்கு முன்னால், இரண்டாவது மூட்டுக்கசிவுக்கு முன்னால் தொடங்குவதே முறை என்று உலக வழிகாட்டியே சொல்கிறது. அந்த வரியைக் காட்டிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.